வெளிப்பக்கம் மட்டும்

ஈறில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது, தினமும் தேய்க்காவிட்டால் பல் போய்விடும் என்று பூனை டாக்டர் சொல்லியிருந்தார். துரைக்கண்ணு பூனையைப் பின்னாலிருந்து அணைத்து, அதன் கன்னத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினார். “வாயே திறக்க வேண்டாம்டி குண்டு. வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கத்தை உன் சொரசொர நாக்கே பார்த்துக்கும்.” அது சீறியது. “தேய்க்காம விட்டா என்ன ஆகும்னு பாரு.” கல்யாணமாகிப் பதினோரு வருடமாக மனைவி சுலோசனாவுக்கும் காட்டாத பல்செட்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பூனை மோந்து பார்த்துவிட்டு அடங்கியது. கடைவாய்ப்பல் வரை நிதானமாகத் தேய்த்து முடித்து நிமிர்ந்தார். கதவருகே சுலோசனா.

“பொண்ணு பார்க்க வந்தன்னைக்குக் கடலை உருண்டையைத் தொடாம வச்சது இதுக்குத்தானா?”

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் பின்னால் வந்து உட்கார்ந்து, அவர் கன்னத்தில் கட்டைவிரலை வைத்தாள்.