இரண்டாவது நட்சத்திரம்

“ஒரு நட்சத்திரம் போதும்னு உனக்கு யார் சொன்னது?”

“நீங்கதான் சார்...”

“நானா? எங்க, மெயில்ல காட்டு!”

அவளிடம் மெயில் எதுவும் இல்லை. போன வாரம் லிஃப்டுக்காக நிற்கும்போது, வாயால் சொன்னதுதான்.

பொதுச் சர்வரில் இருக்கும், அன்றாடம் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளில் ‘பிழை’ என்ற சொல் எங்கே வந்தாலும் அந்த வரி ஹாலில் உள்ள பெரிய திரையில் சிவப்பாக ஓட வேண்டும். எந்தெந்த ஃபோல்டரைப் பார்ப்பது என்ற வழியை எழுதியவள் அவள். அதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் முதல் அடுக்கோடு நின்றுவிடும். இரண்டு போட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடிவரை இறங்கித் துழாவும். நேற்று பிழை வந்தது மூன்றாம் அடுக்கில். இரண்டு மணி நேரம் டிக்கெட் பதிவு படுத்துவிட்டது. திரை மட்டும் ஒரு சிவப்பு வரியும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

“சாயங்காலம் பெரியவருக்கு ரிப்போர்ட் அனுப்பணும். உன்னை நிரந்தரமாக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு அதுல எழுதறேன்.”

மேலாளர் தன் அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கீபோர்டு தடதடத்தது.

“உன் ஜாதகத்தை எழுதறார்மா,” என்றான் பக்கத்து சீட்டுக்காரன். ரகசியத்தைக்கூட ஊர் கேட்கச் சொல்வதால் அவனுக்கு ‘சவுண்டு’ என்று பெயர்.

“எனக்குத்தான் தப்பாக் காதுல விழுந்திருக்குமோ அண்ணா?” என்றபடி அவள் இரண்டாவது நட்சத்திரத்தைச் சேர்த்தாள்.

திரை சிவந்தது.

‘பிழை: வாட்ச்மேன் வணக்கம் வைத்தார். போன் பேசுவதுபோல் நடித்தேன்.’

‘பிழை: மாமியார் சமையல் எப்படி என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.’

சவுண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “யாரோ டைரியை லாக் கோப்பாச் சேமிச்சு வச்சிருக்கான்மா!”

“ஐயோ, சிரிக்காதீங்கண்ணா. அடுத்தவங்க டைரி. சார் பார்த்தா இன்னிக்கே என்னைக் கிளப்பிடுவார். அந்த ஃபோல்டரை மட்டும் விலக்கிடறேன்.”

அவசரத்தில் வழியை இரண்டு முறை தப்பாக அடித்தாள். உள்ளே கீபோர்டு ஒருமுறை ஓய்ந்தது. அதே நொடியில் திரையில் புது வரி விழுந்தது. சவுண்டு அதைத் தன் வழக்கமான குரலில் படித்தான்:

“பிழை: ஒரு நட்சத்திரம் போதும் என்று சொன்னது நான்தான். மெயில் இல்லை என்ற தைரியத்தில் அந்தப் பெண் தலையில் கட்டிவிட்டேன்.”

கண்ணாடிக் கதவு மெல்லத் திறந்தது.