அரை மணி ரூல்

"ஐயா, எழுந்திருங்க. வெளியே போயிட்டுத் திரும்ப உள்ளே வாங்க."

பெஞ்சில் அப்போதுதான் காலை நீட்டியிருந்தேன். எதிரே மாலின் வாட்ச்மேன் நின்றான்.

"எதுக்கு?"

"ரூல். இன்னையிலேருந்து அரை மணிக்கு மேல உட்காரக் கூடாது. வெளியே போயிட்டு வந்தா மறுபடி அரை மணி உட்காரலாம்."

"இங்கே என்னை விட்டா எவன் இருக்கான்? யார் இடத்தைப் பிடிச்சிட்டேன்?"

"ரூல்னா ரூல்தானே ஐயா."

அறுபது கடை இருந்த மால். இப்போது மிச்சம் மூன்று: மாடியில் தையல்கடை, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மூலையில் சாவி செய்கிறவர். நகரும் படி நகர்வதை நிறுத்தி ஆறு மாதம். தண்ணீரில்லாத நீரூற்றில் ஒரு வாளியும் துடைப்பமும் குடித்தனம் நடத்தின.

முனகிக்கொண்டே எழுந்து போனேன். வாசலைத் தாண்டித் திரும்பி உள்ளே வந்ததும் வாட்ச்மேன் வழக்கம்போல விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தான்.

கிண்டல்!

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மால் திறந்த அன்று, இதே ஆள்தான் இதே வாசலில் என்னை மறித்தான். லாரி ஷெட்டில் வேலை முடித்து, கிரீஸ் சட்டையோடு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். நகரும் படியில் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"இந்தச் சட்டையோட எல்லாம் உள்ளே விட முடியாது. கிளம்பு, கிளம்பு" என்றான். அவள் முன்னாலேயே.

எனக்குப் படிப்புதான் ஏறவில்லை. பகை நன்றாக ஏறும்.

"அந்த மாலை மாசக் கடைசியில மூடப் போறாங்களாம்" என்று மனைவி சொன்ன மறுநாளே கிளம்பிவிட்டேன். மூச்சு நிற்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாமா? பத்து நாளாகத் தினமும் வருகிறேன்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிறீங்களே?" என்றாள் மனைவி.

"இது அதைவிட விசேஷம்" என்றேன்.

வாட்ச்மேனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவன் மீசை நரைத்திருந்தது. ஆள் இளைத்து, யூனிஃபார்முக்குள் இன்னொருவருக்கு இடம் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரர் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி எட்டாவது தடவையாக வெளியே போய் வந்தார். வெளியே கொளுத்துகிற வெயில். தையல்கடை அம்மா நூல் வாங்கப் போனார், வந்தார். ஊசி வாங்கப் போனார், வந்தார். வியாபாரம் படுத்தால் மூளையும் படுத்துவிடும் போலிருக்கிறது.

"ஐயா, அரை மணி ஆச்சு."

"பத்து நிமிஷம்கூட ஆகலை!"

"என் வாட்ச் கொஞ்சம் வேகமா ஓடும் ஐயா."

அதற்கு மேல் பொறுக்கவில்லை. நகராத படியில் மூச்சு வாங்க ஏறி, நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"வாங்க சார், வாங்க!" என்று மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். ஆளைப் பார்த்து எத்தனை நாளோ. அவர் மேஜையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் சிவப்பாக 137 என்று எரிந்தது.

"பார்த்தீங்களா? வாசலுக்கு மேல ஒரு மெஷின் இருக்கு. உள்ளே வர்ற தலைகளை எண்ணும். தினம் நூத்தம்பது பேர் வந்தா மாலை மூட வேண்டாம்னு முதலாளி சொல்லியிருக்கார். இந்த மாசம் ஒரு நாள்கூடக் குறையலை சார்! எங்கேயிருந்துதான் வர்றாங்களோ!"

எங்கேயிருந்து வருகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. குடை, நூல், ஊசி, அரை மணி ரூல்.

"சொல்லுங்க சார், ஏதாவது புகாரா?"

ஒரு வார்த்தை போதும். அவன் வேலையும் போகும், மாலும் மூடும்.

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாய்லெட்ல தண்ணி வரலை" என்றேன்.

கீழே இறங்கியதும் ஓடி வந்தான்.

"என்ன ஐயா சொன்னீங்க?"

"டாய்லெட்டைப் பத்தி."

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இந்த வயசுல இதை விட்டா எனக்கு யார் ஐயா வேலை குடுப்பா? அந்தத் தையல்கடை அம்மாவும்..."

"உன் கதை எனக்கு வேண்டாம். நீயே உள்ளேயும் வெளியேயும் நடக்க வேண்டியதுதானே?"

"கேமரா இருக்கே. யூனிஃபார்ம் காட்டிக் குடுத்துடும்."

"இன்னும் எத்தனை குறையுது?"

"பதிமூணு."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். வெளியே போனேன், உள்ளே வந்தேன். சல்யூட். மறுபடி போனேன், வந்தேன். சல்யூட். ஏழாவது தடவை முட்டி சத்தம் போட்டது. பதிமூன்றில் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்யா, வர்றவன் போறவனுக்கெல்லாம் சல்யூட் அடிச்சா உன் கை கழண்டு விழுந்துடாதா?"

"எல்லாருக்கும் அடிக்கிறதில்லை ஐயா. கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க, அவருக்கு ஒரு தடவைகூட அடிச்சதில்லை. கிரீஸ் சட்டையோட, சின்னப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு ஆசையா வந்தவரை ஒரு நாள் இந்த வாசல்ல துரத்திட்டேன். அவர் ஒருத்தருக்கு மட்டும்தான்."

நூற்றைம்பது முடிந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை வெளியே போய்விட்டு உள்ளே வந்தேன்.

சல்யூட்டுக்கு அவர் கையைத் தூக்குவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.