உள்ளூர்க்காரர் பரீட்சை

"எல்லா எழுத்துக்கும் தலையில எதுக்கு மேஷ்ட்ரே ஒரு கொக்கி? சொரங்க ஷாஃப்டுல எறங்கப் போற மாதிரி லைட்டு கட்டிகினு நிக்குதுங்க!"

ஆபிரகாம் நோட்டைத் தூக்கிக் காட்டினான். மேஷ்ட்ரு சிரிக்கவில்லை.

"அது தலைக்கட்டு. அது இல்லாம எழுத்து செல்லாது. எழுதுங்க."

ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த கையோடு கன்னட வகுப்பு. மாணவன் ஒரே ஒருவன். வயது முப்பத்தெட்டு.

ஆபிரகாமுக்குப் பெங்களூரில் ஒரு மாலில் லிஃப்ட் இயக்கும் வேலை. ரயிலில் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. போன மாதம் ஒரு புதன்கிழமை சீக்கிரம் வீடு திரும்பியவனைப் பார்த்து மூன்று வயது மகள், "இன்னிக்கு சண்டேயா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தான், உள்ளூரில் வேலை தேடுவதென்று.

எட்டு கிலோமீட்டரில், ஸ்டோருக்கு ஆள் தேடும் ஒரு பம்ப் கம்பெனி. அதன் புது விதிப்படி முக்கால்வாசி இடம் உள்ளூர்க்காரருக்கு. உள்ளூர்க்காரர் என்றால் பதினைந்து வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆபிரகாம் சரளமாகக் கன்னடம் பேசுவான். ஆனால் படித்தது தமிழ் மீடியம். சர்ச்சில் வேதபாடம் வாசிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். பஸ் போர்டை வாசிக்க அவன் அடுத்தவரைக் கூப்பிடுவான்.

மேஷ்ட்ரு அடுத்த லைனில் தனியாகக் குடியிருந்தார். ஏதோ ஷிஃப்ட் வேலை. லைனில் பழகிய தமிழ் பேசுவார். கரன்ட் பில்லிலிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வரை கன்னடத்தில் எதைக் கொடுத்தாலும் கடகடவென்று வாசிப்பார். அந்தக் கன்னடத்தைக் கேட்ட பக்கத்து வீட்டுத் தாயம்மா, "முளபாகல் பக்கத்துக் கன்னடக்காரரு, சந்தேகமே இல்ல" என்று சொல்ல, லைன் முழுக்க அதுவே உறுதியாகிவிட்டது.

"மேஷ்ட்ரே, தமிழ்ல ஒரு 'க'வை வச்சிகினு நாங்க குடித்தனமே பண்ணிட்டோம். இங்க எதுக்கு நாலு?"

"நாலையும் பத்து தடவை எழுதுங்க. காரணம் புரியும்."

ஆபிரகாம் பேனாவைக் கீழே வைத்தான்.

"நாலு தலைமுறை, மேஷ்ட்ரே. எங்க பாட்டன் குடியாத்தத்துலருந்து வந்தவரு. மூவாயிரம் அடி கீழ எறக்கி விட்டப்போ கன்னடம் தெரியுமான்னு எவனாச்சும் கேட்டானா? இப்ப மேல நின்னு வேலை கேட்டா, நான் உள்ளூர்க்காரன்னு பரீட்சை எழுதிக் காட்டணுமாம்!"

"எழுதிக் காட்டிட்டா?"

"அப்புறம் இன்னா? வெளியாளுங்க மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நேத்து ரயிலேறி வந்தவன்லாம் ஸ்டோர்ல ஜம்முனு உக்காந்துகினு கீறான்."

உள்ளேயிருந்து மனைவி ஜெனிட்டாவின் குரல் வந்தது. "வேலை தெரிஞ்சவனை அனுப்பிட்டு உங்களை வச்சா, அந்தக் கம்பெனி நிக்குமா?"

"ஏன் நிக்காது? எடம் குடுத்தாத்தானே வேலை கத்துக்க முடியும்? பொறக்கும்போதே லிஃப்ட்டு ஓட்டிகினா வந்தேன்?"

"நீங்க மேல போறதுக்குப் பட்டனை அமுக்கிட்டுக் கீழ போனவருதானே!"

"அது மொத நாளு!"

மேஷ்ட்ரு நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆனா ஸ்டோர் வேலை பெரிய கஷ்டமில்ல. பதினஞ்சு நாள்ல கத்துக்கலாம். நாலாவது 'க' தப்பு, மறுபடி எழுதுங்க."

மூன்று மாதம் விடவில்லை. ஈஸ்டருக்குக்கூட விடுமுறை கிடையாது. பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு முழு லீவு லெட்டரைக் கன்னடத்தில் எழுத வைத்து, அதில் பதினேழு தப்பைச் சுழித்த பிறகுதான் எழுந்து போனார்.

ஆபிரகாம் தேறினான். நூற்றுக்கு அறுபத்திரண்டு. லெட்டர் வந்த அன்று ஜெனிட்டா அழுதாள், தாயம்மா திருஷ்டி கழித்தாள். மேஷ்ட்ரு வீட்டுக்கு ஓடினான், பூட்டியிருந்தது. ஷிஃப்ட்.

திங்கட்கிழமை காலை ஸ்டோருக்குக் கூட்டிப் போகும் வழியில் மேனேஜர் சொன்னார்:

"இப்ப ஸ்டோர்ல இருக்கிறவரோட கான்ட்ராக்ட் பதினஞ்சு நாள்ல முடியுது. அதுவரைக்கும் கூட நின்னு கத்துக்குங்க. தங்கமான மனுஷன். பீகார்காரர். கன்னடம் கத்துக்கிட்டா பர்மனென்ட் பண்றோம்னு சொன்னோம், உக்காந்து கத்துக்கிட்டார். போன வருஷப் பரீட்சையில தொண்ணூத்தெட்டு மார்க். அதுக்குள்ள விதி மாறிப்போச்சு. வந்து ஏழு வருஷம்தானே ஆகுது, உள்ளூர்க் கணக்குல வரமாட்டார்."

ஸ்டோர் வாசலில், சாவிக்கொத்தோடு மேஷ்ட்ரு நின்றிருந்தார்.

மேனேஜர் போனதும் ஆபிரகாம் அவர் கிட்டே போனான்.

"மேஷ்ட்ரே... ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நீங்க கன்னடம் தெரியுமான்னுதானே கேட்டீங்க? ஊரைத் தாயம்மாவே முடிவு பண்ணிட்டாங்க."

"எனக்கு இந்தச் சாவி வாணாம்."

"நீங்க வாங்கலைன்னா வேற ஒருத்தர் வாங்குவார். அவருக்கு லீவு லெட்டர் யார் சொல்லிக் குடுத்தாங்களோ!" கையைப் பிடித்துச் சாவியை வைத்து அழுத்தினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க. அங்க தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சா உள்ளூர்க்காரராம். வர்ற ஞாயித்துக்கிழமை 'அ, ஆ'விலருந்து ஆரம்பிச்சுடலாமா, மேஷ்ட்ரே?"