பொரிப் பை

ஆஸ்பத்திரி அடித்தளத்துப் பேட்டரி அறைக்கு ஆயுத பூஜை அன்று சூடம் காட்டினார்கள். அந்தப் புகைக்கே அலாரம் கத்திவிடும் என்பதால், எலக்ட்ரீஷியன் ஏகாம்பரம் கூரையிலிருந்த புகை உணரும் கருவிக்குப் பொரி வாங்கிவந்த பாலித்தீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டான். பூஜை போட்டதை மறுநாள்வரை தொடக் கூடாது. பையையும் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டினான்.

சாயங்காலம் நாற்றம் வந்துதான் தெரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் புகை திரண்டிருந்தது. அலாரப் பெட்டியில் பச்சை விளக்கு. ஏகாம்பரம் சாவியை நுழைத்தான். தீயணைப்பு அதிகாரி அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொறந்தா காத்து உள்ள போயி மொத்தமா வெடிக்கும்யா."

"தண்ணியப் பீச்சுங்க சார்."

"இது லித்தியம் பேட்டரி, தண்ணிக்கு அணையாது. ஒண்ணுல இருந்து ஒண்ணு பத்திக்கிட்டே போகும். சுத்துச் சுவர நனைக்கலாம், அவ்வளவுதான். மேல என்ன இருக்கு?"

"ஐசியூ சார். ஒருத்தராலயும் எழுந்து நடக்க முடியாது."

கண்ணாடிக்கு அப்பால், சந்தனப் பொட்டு வைத்த பேட்டரிகள் ஒவ்வொன்றாகப் புகையில் மறைந்தன. கூரையில் பை சுருங்கியது, உருகியது, சொட்டியது.

அலாரம் அலறத் தொடங்கியது.