நேற்று மதியம் பறந்தவர்

வேலை நெருக்கடியில் மூட்டைகட்டிப் பரணில் போட்ட கணினியை, ஏழு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் அந்த இரத்தப் பரிசோதகர் கீழே இறக்கினார். தூசி தட்டி, போர் விமான விளையாட்டைத் திறந்தார். எஞ்சினைக் கிளப்பவே நாற்பது சுவிட்சுகளை வரிசையாகப் போட வேண்டும். அவருக்கு நாலுகூட நினைவில்லை.

திரையில் அவர் பறந்த நேரம் 2,316 மணி என்றிருந்தது. அவர் விட்டபோது முந்நூறைத் தாண்டவில்லை. கடைசியாகப் பறந்தது நேற்று மதியம் மூன்று மணிக்கு. அப்போது அவர் ஆய்வகத்தில் இருந்தார். வீட்டில் மனைவி மட்டும்தான்.

"இதை நீ எடுத்தியா?"

"ஏணியில ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். உங்க பொம்மை எனக்கெதுக்கு?" என்று மனைவி சிரித்தாள். முகம் பார்த்துச் சொல்லவில்லை என்று அவருக்குப் பட்டது.

அவள் போனதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, விளையாட்டு தானாகவே சேமித்து வைத்திருந்த நேற்றைய பதிவை ஓடவிட்டார். பலத்த காற்றிலும் விமானம் அலுங்காமல் தரையிறங்கியது. அவருக்கு ஒருநாளும் அப்படி இறக்க வந்ததில்லை. எஞ்சின் அடங்கியதும் மைக்கில் விழுந்த பேச்சு கேட்டது. மனைவியின் குரல்.

"போதும், எழுந்திரிங்க. அவர் வர்ற நேரமாச்சு."

"இதோ, இறக்கிட்டேன்."

பதில் சொன்னது அவருடைய சொந்தக் குரல். பேசுமுன் தொண்டையைச் செருமியதுகூட அவரேதான்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். வெளியே மனைவி யாரிடமோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க. இன்னிக்கு லீவு, உள்ளதான் இருக்கார்."