விரல் சாட்சி

“ஒண்ணு இருக்குன்னு என் ஃபைல் சொல்லுது. இல்லைன்னு நீங்க சொல்லுதீங்க. பொய் சொல்ல ஃபைலுக்கு வாய் கிடையாது, டீச்சர்.”

பூவனலிங்கம் ஃபைலை மேசையில் ஓங்கி அடித்ததில் சாக்பீஸ் டப்பா உருண்டு விழுந்தது. கழுகுமலைப் பக்கத்து அந்தத் தொடக்கப் பள்ளிக்கு இந்த வருஷம் கழிப்பறை கொடுப்பதா, வேறு ஊருக்குத் தள்ளிவிடுவதா என்று எழுதிப் போக வந்த அதிகாரி அவர்.

தலைமையாசிரியை கோமதியம்மாளுக்கும் கோபம்தான். நாலு வருஷமாக மனுப் போட்ட கோபம்.

“கட்டுனாங்க சார். குழி தோண்டாம நாலு சுவரும் ஒரு கதவும். இப்ப சத்துணவு விறகு அதுலதான் கெடக்கு. இருநூத்திப் பதினாலு பிள்ளைய இருக்கு. குடிச்சா போவணுமேன்னு பாதிப் பிள்ளைய தண்ணியே குடிக்கதில்ல. அஞ்சாப்புல ரெண்டு பொம்பளப் பிள்ளைய கருவேலங்காட்டுக்குப் போக வெக்கப்பட்டுப் பள்ளிக்கூடத்த விட்டே நின்னுட்டாளுவ. நீங்களே வந்து பாருங்க.”

பூவனலிங்கம் சன்னல் வழியே பார்த்தார். முந்தின நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. வாங்கிய செருப்பைத் திருப்பித் தராத மண். அவர் காலில் இருந்ததோ புது ஷூ.

“பாக்க வேண்டாம். கதவு இருக்குல்ல? அப்ப கக்கூஸ் இருக்கு.”

கோவில்பட்டி உளுந்துக் கமிஷன் கடையில் வளர்ந்தவர் அவர். மூட்டை வாயில் மினுங்கும் சரக்கை அவர் அப்பா நம்பியதே இல்லை. குத்தூசியை அடிவரை செருகி, உருவி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். டீச்சர் மூட்டை வாய். பிள்ளைகள்தான் அடிச் சரக்கு என்று மகன் முடிவுகட்டினார்.

அவர் எழுந்துபோய் நுழைந்த அறையில் மூன்று வகுப்புகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. தலைக்கணக்கு எடுக்கவேண்டும், தான் வரும்வரை ஒரு பிள்ளையும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று நேற்றே சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்னவர் வந்து சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. பிள்ளைகள் காலோடு கால் ஒட்டி, ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். அந்த ஒழுங்கு ஒன்றுதான் அந்தப் பள்ளியில் அவருக்குப் பிடித்திருந்தது.

“பிள்ளைகளா, இந்தப் பள்ளிக்கூடத்துல கக்கூஸ் எத்தனை இருக்கு? சத்தம் போடப்படாது. விரலைக் காட்டுங்க.”

முன்வரிசையில் பொன்மணியின் ஆள்காட்டி விரல் சட்டென்று எழுந்தது. அடுத்து அவள் பக்கத்துப் பிள்ளை. பிறகு அறை முழுக்க விரல்கள். கடைசி வரிசையில் சோலை மட்டும் இரண்டு விரலைத் தூக்கினான்.

கோமதியம்மாள் பதறி முன்னே வந்தார். “சார், அது வந்து...”

“நீங்க பேசப்படாது. சாட்சியக் கலைக்கப் பாக்கீங்களா?” பூவனலிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது. “ஒண்ணுமில்லன்னு சாதிச்சீங்க. பிள்ளைய எல்லாம் ஒண்ணுங்குது. அந்தா கடைசில ஒருத்தன் ரெண்டுங்கான். இன்னும் செத்த நேரம் நின்னேன்னா மூணாவதும் மொளைக்கும் போல. அரசாங்கத்த என்ன கேணப்பயன்னு நெனைச்சீங்களா?”

நின்றபடியே ஃபைலில் எழுதினார்: ‘கழிப்பறை உள்ளது. மாணவர்களிடம் நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது. புதிதாகத் தேவையில்லை.’ கீழே கையெழுத்தைக் கிறுக்கினார். கோமதியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“சரி, பதில் சொல்லியாச்சுல்லா. எல்லாரும் கையக் கீழ போடுங்க.”

ஒரு விரலும் இறங்கவில்லை.

“ஏட்டி, ஒனக்குக் காது கேக்கலையா?”

பொன்மணியின் கண்ணில் நீர் முட்டியது.

“அது பதில் இல்ல சார். எங்களுக்கு ஒண்ணுக்கு வருது, அவனுக்கு ரெண்டுக்கு.”