பின்னட்டையின் வலது மூலை

ஆர்டர் வர வர அச்சடித்துத் தரும் அந்த வெப்சைட், புத்தகத்தை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் அதேதான். பின்னட்டையில் பார்கோடு வரவேண்டிய மூலையில் படம் இருக்கிறது.

ஆஞ்சலாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அடுத்த ஞாயிறு காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில் வெளியீடு. இன்றைக்கு ஓகே ஆகாவிட்டால் பிரதிகள் வந்து சேராது.

"மம்மி, ரெண்டு தடவை நான் ஃபேமிலி போட்டோவை மேல ஏத்தி வெச்சேன். யாரு மறுபடி கீழ இறக்கினது?"

"நான்தான்" என்றாள் நோரா. முப்பது வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு இதுதான் முதல் கதைப் புத்தகம்.

"அந்த மூலையில டாடி முகம் இருக்கு மம்மி. இறக்கினா பார்கோடு அவர்மேல விழும்."

"போட்டோ நகரக் கூடாது."

"அப்போ அங்க வெள்ளைக் கட்டம் போடணும். டாடி மறைஞ்சிடுவார். பரவாயில்லையா?"

ஹாலிலிருந்து அப்பா ஓஸ்வால்டின் குரல் வந்தது. "நோரா, என் மூஞ்சி நல்லா விழுந்திருக்கா?"

நோரா மகளிடமிருந்து மவுஸை வாங்கினாள். வெள்ளைக் கட்டத்தைத் தானே இழுத்து, கணவன் முகத்தின்மேல் கச்சிதமாக வைத்தாள்.

ஆஞ்சலா குரலைத் தாழ்த்தினாள். "டாடி கேட்டா என்ன சொல்றது?"

"என் ஏழு கதை நோட்டையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டு, அன்னைக்கு என்கிட்ட சொன்னாரே, அதையே சொல்லு. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு."